மகிழ்ச்சித் தூதுவர் தேவை

அந்த விளம்பரத்தை எழுதிய கைக்குக் காப்பு மாட்ட வேண்டும். தங்கக் காப்பு அல்ல, போலீஸ்காரர்கள் மாட்டுவார்களே, அந்தக் காப்பு.

‘விண்ணைத் தொடத் துடிக்கும் எங்கள் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் மகிழ்ச்சித் தூதுவர் தேவை. துடிப்பானவர், ஆனால் நிதானமானவர். கணீர்க் குரலும் மென்மையான பேச்சும் உடையவர். சவால்களை ஓடிச் சென்று வரவேற்பவர். பசி அறியாதவர். வயது இருபத்தெட்டுக்குள். பத்தாண்டு அனுபவம் அவசியம்.’

படித்தால் ராக்கெட்டில் ஏற்றி அனுப்ப ஆள் தேடுகிறார்கள் என்று தோன்றும். வேலை என்னவோ போன் எடுப்பதுதான். உள்ளூரிலும் வெளியூர்களிலுமாக நானூற்றுச் சொச்சம் கட்டடங்களில் லிப்ட் மாட்டிப் பராமரிக்கிற கம்பெனி அது. எங்கேயாவது லிப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மணி அடிக்கும். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் போனை எடுத்து, அந்தப் பக்கத்து மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதில் எங்கிருந்து வந்தது மகிழ்ச்சி, எங்கிருந்து வந்தார் தூதுவர்?

ஒன்பது வருடமாக அந்த நாற்காலி அவளுடையது. இடது கை உடைந்து, டேப் சுற்றிய நாற்காலி. மெக்கானிக்குகளுக்கு அவள் ‘போன் அக்கா’. இரவில் அவர்களே முறைபோட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பகல் முழுக்க அவள். இப்போது அந்த நாற்காலிக்குத்தான் ஆள் தேடினார்கள். தேடி ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவளுடைய கணவனுக்குத் துறைமுக ஊரில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரம். பள்ளி திறக்கிற நேரம் என்பதால் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவன் முன்னால் போனான். அங்கே நாத்தனார் வீடு பக்கத்துத் தெருவில்தான், பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். அவள் பின்னாலேயே போவதாக ஏற்பாடு. ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோதுதான் மேனேஜர் அதை மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“எதுக்கும்மா ராஜினாமா? அந்த ஊர்க் கிளையில இதே மாதிரி போன் எடுக்க, புதுசா கால் ரூம் திறக்கப் போறோம். உங்க பேரைத்தான் போட்டு வச்சிருக்கேன். இங்க உங்க இடத்துக்கு ஒரு ஆள் வந்து முப்பது நாள் நிலைச்சு உக்காரட்டும், மாற்றல் கடிதத்தைக் கையில கொடுத்துடறேன். ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு வாரம்.”

அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

மேனேஜருக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் அடைமொழி. டீ வந்தால் ‘புத்துணர்ச்சியூட்டும் டீ’ என்பார். மின்விசிறி ஓடாவிட்டால் ‘சவாலான சூழல்’ என்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வேலையை விட்டுப் போனால், ஒரு படிவத்தை எடுத்து, ‘குறை’ என்ற கட்டத்தில் போனவருடைய குறையை எழுதுவார். பிறகு அந்தக் குறைக்கு நேர் எதிரான குணத்தைக் கண்டுபிடித்து, பழைய விளம்பரத்தில் ஒட்டவைப்பார். முதலில் வந்த பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் சன்னம். அவள் போனதும் ‘கணீர்க் குரல்’ ஏறியது. கணீரென்று வந்தவன், மாட்டிக்கொண்டவர்களை வாத்தியார் மாதிரி அதட்டினான். அவன் போனதும் ‘மென்மையான பேச்சு’. மூன்றாவது ஆளுக்கு மத்தியானமானால் கண் சொருகும், ‘துடிப்பானவர்’. துடிப்போடு வந்த பெண் ஒவ்வொரு மணிக்கும் துள்ளி எழுந்து மேஜையில் முழங்காலை இடித்துக்கொண்டாள், ‘ஆனால் நிதானமானவர்’. ஐந்தாவது ஆள் சாப்பிட்டு வருகிறேன் என்று போனவன்தான், கம்பி நீட்டிவிட்டான்; ‘பசி அறியாதவர்’.

ஏன் போகிறீர்கள் என்று ஒருத்தரையாவது கேட்டாரா? கேட்க மாட்டார். கேட்டால் பதில் வந்துவிடுமே! அவளிடம் எல்லோரும் சொன்னார்கள், கம்பி நீட்டியவன்கூடப் பிறகு போனில் சொன்னான். ஐந்து பேரும் சொன்னது ஒன்றையேதான்: “இப்படி ஒண்ணுமே நடக்காம உக்காந்திருக்கணும்னு யாருமே சொல்லலையேக்கா.”

சொல்லவில்லைதான். சில நாள் காலையிலிருந்து மாலைவரை ஒரு மணிகூட அடிக்காது. லிப்டுகள் இருக்கும் இடங்களைக் குறித்துச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கீழே சொல்லி, மாற்று ஆள் படியேறி வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் திடீரென்று மணி அடிக்கும். யாரோ ஒருவர் இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு, அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வேலையில் அவள் தானாகக் கற்றுக்கொண்ட ஒரு சட்டம் இருந்தது. தெரியாமல் ‘அஞ்சு நிமிஷம்’ என்று சொல்லக் கூடாது. மாட்டிக்கொண்டவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆறாவது நிமிடம் அவருக்கு நம்மேல் நம்பிக்கை போய்விடும். அதற்கப்புறம் நாம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது, கதவை நெம்ப ஆரம்பிப்பார். அதனால் தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியலைங்க, ஆனா நான் போனை வைக்க மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடத்தில் இந்த வார்த்தை ஒருவரிடமும் பொய்த்ததில்லை.

தினமும் சாயங்காலம் மகள் போன் செய்வாள்.

“எப்பம்மா வருவே?”

“அடுத்த மாசம் வந்துடுவேன் கண்ணு.”

“போன மாசமும் இதையேதானே சொன்னே?”

“இந்தத் தடவை கண்டிப்பா.”

ஒரு நாள் மகள் அதோடு விடவில்லை. “ஏம்மா, நீயும் லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டியா?”

அவள் சிரித்துச் சமாளித்துவிட்டாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதாள்.

ஐந்தாவது ஆள் கம்பி நீட்டிய மறுநாள், ஒரு தாளில் தானே விளம்பரம் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

‘லிப்ட் கம்பெனியில் போன் எடுக்க ஆள் தேவை. பகல் வேலை. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அறையில் ஜன்னல் இல்லை. நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் திட்டுவார்கள். திருப்பித் திட்டக் கூடாது. மெக்கானிக் வரும் நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஆனால் போனை வைக்கக் கூடாது. படிப்பு, வயது எதுவானாலும் சரி. நிறையப் பேசுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.’

அடைமொழி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது, விளம்பரமா, ஒப்பாரியா? இதைப் படிச்சுட்டு எவன் வருவான்?”

“வந்துட்டு ஓடுறவன் வரமாட்டான் சார்.”

“கம்பெனியோட கௌரவம்னு ஒண்ணு இருக்கும்மா. ‘சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்’னு எழுதினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“வேலை அதுதானே சார்.”

“அது உங்க மனநிலை. நான் போட்ட விளம்பரத்துக்கு இருநூத்தி அறுபது பேர் விண்ணப்பிச்சிருக்காங்க, தெரியுமா? இருநூத்தி அறுபது!” என்று மேஜைமேல் இருந்த கட்டைத் தட்டினார். பத்தாண்டு அனுபவமுள்ள இருபத்து மூன்று வயதுக்காரர்கள் அந்தக் கட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் எண்ணவில்லை. தான் கேட்ட பொய்யை அழகாக எழுதித் தந்தவர்களை ஆற்றல் மிக்கவர்கள் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் கிழித்துப் போடவில்லை. ஒவ்வொரு லிப்டிலும் அவசர எண்ணுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சட்டம் இருக்கும். மாதாமாதம் அதில் சர்வீஸ் அட்டையை மாற்றுவது மெக்கானிக்குகளின் வேலை. அவள் அந்தத் தாளை நகலெடுத்து, அட்டையோடு அட்டையாகச் செருகச் சொல்லி அவர்களிடம் கொடுத்தாள். “அடைமொழி பாத்தா குதிப்பாரேக்கா” என்றான் ஒருவன். “அவர் எந்த லிப்டுல ஏறி எதைப் படிச்சார்? செருகு” என்றாள்.

இருநூற்று அறுபது பேரிலிருந்து பொறுக்கியெடுத்த மாணிக்கம் அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ‘நான் ஒரு புயல் சார்’ என்று நேர்காணலில் சொன்னானாம். மேனேஜர் அப்படியே உருகிவிட்டார். அன்றிலிருந்து அவன் பெயர் புயல். வெளுத்த சட்டை, வாய் நிறையப் பல். வந்த அன்றைக்கே நாற்காலியை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்து, “இங்கிருந்து அடுத்த படி என்னக்கா?” என்று கேட்டான்.

“அடுத்த மணி” என்றாள்.

அவளுடைய சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ‘தெரியாது’ என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் சுளித்தான். “அது நெகட்டிவ்க்கா. கஸ்டமர்கிட்ட எப்பவும் பாசிட்டிவா இருக்கணும்.”

மூன்றாம் நாள் மேனேஜர் அவளைக் கீழே கூப்பிட்டார். புயல் தனியாகச் சமாளிக்கட்டும், இன்னும் இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று வழக்கமான பாட்டைப் பாடினார். அவள் மேலே திரும்பி வரும்போது, நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் லிப்டில் ஒரு தையல்காரர் இருபது நிமிடமாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

“இதோ அஞ்சே நிமிஷம் சார், ஜாலியா இருங்க!” என்று புயல் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார்.

“எத்தனை தடவை அஞ்சு நிமிஷம்னு சொன்னே?”

“இது நாலாவது. மனசு தளரக் கூடாதில்லக்கா?”

அவள் போனைப் பிடுங்குவதற்குள் மறுமுனையில் இரும்பு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தையல்காரர் கதவை நெம்பித் திறந்து, பாதி மாடி உயரத்திலிருந்து குதித்துவிட்டார். அப்புறம் ஓர் அலறல். கணுக்கால் முறிந்திருந்தது. காலால் மிதித்துத் தைக்கிற மனிதர். அவர் ஏன் குதித்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, “அந்தப் பையன் பொய் சொல்றான்னு தெரிஞ்சுபோச்சு, வேற யாரை நம்பி உள்ள இருக்கறது?” என்றாராம்.

புயல் அன்று மாலையே கரையைக் கடந்தது. இந்த வேலை தன் வளர்ச்சிக்கு உகந்ததாக இல்லையாம். அடைமொழி வழக்கம்போலப் படிவத்தை எடுத்தார். மறுநாள் விளம்பரத்தில் ‘நேர்மையின் சிகரமாகத் திகழ்பவர்’ என்று ஒரு வரி ஏறியது. அதைப் படித்துவிட்டு அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கண்ணாடிச் சட்டத்தில் செருகிய தாளைப் படித்து வந்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். ஒருவர் மூன்று மாடி படியேற முடியாது, வேலை இரண்டாவது மாடியில் என்றால் வருகிறேன் என்றார். இன்னொரு அம்மாள் ஜன்னலில்லாத அறையை எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க எழுதினது நிசந்தான் போல” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வயது நாற்பத்தெட்டு. பதினோரு வருடம் மியூசியத்தில், பழைய நாணயங்கள் வைத்த கூடத்தில், மூலை நாற்காலியில் உட்கார்ந்து யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டவர். கூடத்தை மூடிவிட்டார்களாம்.

“அங்க பேச்சுத் துணைக்கு யாரும் இருப்பாங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“நாணயம்தாம்மா.”

“போரடிக்கலையா?”

“முதல் வருஷம் அடிச்சுது. அப்புறம் அதுவும் போரடிச்சு விட்டுடுச்சு.”

அவளுக்கு ஏழு மாதத்தில் முதல் தடவையாக மனம் குளிர்ந்தது. அவரை மேனேஜரிடம் அழைத்துப்போனாள்.

“அடுத்த அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கிறீங்க?” என்றார் அடைமொழி.

“அந்த நாற்காலியிலதான் சார். நீங்க எடுத்துட்டுப் போகாம இருந்தா.”

“உங்களோட மிகப் பெரிய கனவு?”

“பகல்ல தூங்கினாத்தானே சார் கனவு. வேலை நேரத்துல நான் தூங்கறதில்ல.”

மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டார். “கண்ணுல நெருப்பு இல்லம்மா” என்றார்.

“லிப்டுல மாட்டினவனுக்கு நெருப்பு எதுக்கு சார்?”

“சரி சரி. வேற ஆள் கிடைக்கிறவரைக்கும் தற்காலிகமா உக்காரட்டும். ஆனா இந்த முப்பது நாள் கணக்குல இவர் வரமாட்டார்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மியூசியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். டேப் சுற்றிய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன்மேல் பாரம் வைக்காமல் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் மணி அடித்தது. துறைமுக ஊரில் ஓர் ஆஸ்பத்திரி லிப்டில் ஒரு நர்ஸம்மா மாட்டிக்கொண்டிருந்தார்.

“எப்ப வருவாங்க?” என்று நர்ஸம்மா கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

“தெரியலம்மா. தெரிஞ்ச உடனே சொல்றேன். நான் இங்கயேதான் இருக்கேன்” என்றார் மியூசியக்காரர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நர்ஸம்மா இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு அடங்கினார். பிறகு தன் டியூட்டி கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். மியூசியக்காரர் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவள் இன்னொரு போனில் அந்த ஊர் மெக்கானிக்கைப் பிடித்து அனுப்பினாள். கதவு திறந்தாயிற்று என்று அவன் திரும்பக் கூப்பிட்டபோது, பேச்சுவாக்கில் கேட்டாள்.

“அங்க கால் ரூம் வேலை எந்த மட்டுக்கு ஆச்சு தம்பி?”

“எந்த கால் ரூம்க்கா?”

“கிளையில புதுசா திறக்கறாங்களே.”

அவன் கடகடவென்று சிரித்தான். “நல்லா கேட்டீங்க போங்க! கிளைங்கறது ஒரு ஷட்டர் கடைக்கா. நாங்க மூணு பேர், ஒரு ஏணி. மழை வந்தா ஏணியை வெளிய வச்சாத்தான் நாங்க உள்ள நிக்க முடியும். போன் எல்லாம் உங்ககிட்டதானே வருது? இப்பக்கூட உங்ககிட்டதானே வந்துச்சு?”

ஆமாம். இப்போதுகூட அவளிடம்தான் வந்தது. ஏழு மாதமாக, வாரத்துக்கு நாலு தடவை, அந்த ஊர்ப் போனை அவளே எடுத்திருக்கிறாள். அந்த ஊர் மெக்கானிக்குகளோடு அவளே பேசியிருக்கிறாள். ஒரு நாளாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்? ஊரையெல்லாம் ‘அஞ்சு நிமிஷம்’ என்ற பொய்யிலிருந்து காப்பாற்றியவள், தன் காதில் மட்டும் பூவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடைமொழிமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிகமாக வந்தது. சீ என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் மகளுடைய போன் வந்தது.

“எப்பம்மா வருவே?”

‘அடுத்த மாசம்’ நுனி நாக்குவரை வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள்.

“தெரியல கண்ணு.”

அந்தப் பக்கம் மகள் அழப்போகிறாள் என்று நினைத்தாள்.

“நிசமாவே தெரியலையா?”

“நிசமாவே தெரியல. அம்மா இவ்வளவு நாள் உன்கிட்ட தெரியாமத்தான் சொல்லிட்டிருந்தேன். தப்பு.”

“சரி” என்றாள் மகள். “அப்ப போனை வைக்காதே.”

அவள் வைக்கவில்லை. நாத்தனார் சாப்பிடக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் என்னென்னவோ பேசினார்கள். மியூசியக்காரர் வரைபடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மேனேஜர் மேஜைமேல் மடிப்புக் கலையாத பழைய ராஜினாமாக் கடிதத்தையே வைத்தாள். தேதியை மட்டும் அடித்துத் திருத்தியிருந்தாள்.

“என்னம்மா இது, இன்னும் ரெண்டே வாரத்துல...”

“எந்த ரூமுக்கு சார்? ஏணிக்குப் பக்கத்துல நாற்காலி போடுவீங்களா?”

அடைமொழிக்கு முதல் தடவையாக ஓர் அடைமொழிகூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் தேடினார். “அது... எதிர்காலத் திட்டம்மா. உங்களை மாதிரி ஆளை இழக்க மனசில்லாமத்தான்...”

“மனசில்லாம செஞ்சீங்களா? ஆறு வயசுப் பிள்ளை சார் அது. மாசாமாசம் அதுகிட்ட பொய் சொல்ல வச்சீங்க என்னை. இருந்துடுங்கம்மான்னு உண்மையைக் கேட்டிருந்தா முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அந்தப் பயம்தானே உங்களுக்கு? நாற்காலியில அண்ணன் உக்காந்திருக்கார். அவரையும் துரத்தினா நீங்களே போய் உக்காருங்க, விண்ணைத் தொடலாம்.”

அன்று மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். வேலையை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

சரியாக முப்பதாவது நாள் மியூசியக்காரர் போன் செய்தார். அப்போது அவள் வாசல்படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கோட முப்பது நாள் ஆச்சும்மா. நான் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரத்துக்கு விளம்பரம் போட்டிருக்கார். உங்க படிவத்தையும் எழுதிட்டார் போல, புதுசா ஒரு வரி இருக்கு. படிக்கட்டுமா?”

“படிங்கண்ணே.”

“‘பிள்ளை பெற்ற பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’”

ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் தேய்ந்ததற்கு அவர் கண்டுபிடித்த குறை அதுதான். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. தலை ஆடியதில் பின்னல் கோணிவிட்டது என்று மகள் சிணுங்கினாள்.

“அண்ணே, அந்த வரியை மட்டும் யாரையும் அழிக்க விடாதீங்க” என்றாள். “அந்தாள் எழுதினதுலயே உண்மையான விளம்பரம் அது ஒண்ணுதான். பிள்ளைக்காரிங்க அதைப் படிச்சாவது தப்பிச்சுக்கட்டும்.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பின்னலைப் பிரித்து முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.